நெட்பால்ல டிஎஸ்ஏ கிடைச்சிருக்கு, பெரிய ஸ்கூலா பக்கத்து ஸ்கூலா?

யீஷுன்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்போதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமாப் போனா மன்னிச்சுக்கோங்க.

என் பொண்ணு பி6, சிங்கப்பூர்ல தொடக்கநிலை ஆறாம் வகுப்பு. பி3லேர்ந்து நெட்பால் (கூடைப்பந்து மாதிரி ஒரு ஆட்டம்), கோல் டிஃபென்ஸ், அதாவது எதிரணி கோல் போடாமத் தடுக்குற இடம். வயசுக்கு மீறின உயரம், அவங்க அப்பா வீட்டு வாகு. மே மாசம் டிஎஸ்ஏ (திறமைய வச்சு உயர்நிலைப் பள்ளில நேரடியாச் சேர்ற வழி) போட்டோம், மூணு சாய்ஸ்ல ரெண்டு ஸ்கூல்ல ட்ரையலுக்குக் கூப்பிட்டாங்க. ஒண்ணுல முதல்ல ஓட விட்டாங்க, அப்புறம் சுவத்துல பந்தடிச்சுப் பிடிக்கிறது, அப்புறம் ரெண்டு டீமாப் பிரிச்சு ஆட்டம். முடிஞ்சதும் என்னையும் உள்ள கூப்பிட்டு "அம்மா உங்க உயரம் எவ்ளோ, அப்பா உயரம் எவ்ளோ"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. சந்தையில மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி இருந்துச்சு எனக்கு, சிரிக்கிறதா கோவப்படுறதான்னே தெரியல.

செப்டம்பர்ல ரெண்டு ஸ்கூலும் கன்ஃபர்ம்டு ஆஃபர் கொடுத்துட்டாங்க. ஒண்ணு பேர் போன ஐபி ஸ்கூல் (ஓ லெவல் எழுதாம நேரா ஏ லெவலுக்குப் போற ஆறு வருஷப் படிப்பு), சாதாரணமா பிஎஸ்எல்இல, அதான் தொடக்கநிலை முடிவுத் தேர்வுல, 8க்குள்ள எடுத்தாதான் உள்ள போக முடியும், இதுல எண் குறையக் குறைய நல்லது. வீட்லேர்ந்து ஒரு மணி பத்து நிமிஷம். இன்னொண்ணு பஸ்ல பன்னெண்டு நிமிஷம், போன வருஷம் கடைசியா எடுத்தது 14. இவ பிரிலிம்ல (பிஎஸ்எல்இக்கு முன்னாடி ஸ்கூல்ல வைக்கிற பரிட்சை) வாங்கினது 16. இங்கிலீஷ் 3, சயின்ஸ் 5, தமிழ் 2, மேத்ஸ்தான் 6.

பிஎஸ்எல்இ எழுதி முடிச்சாச்சு, ரிசல்ட் நவம்பர் கடைசியிலதான் வரும், ஆனா எந்த ஸ்கூல்னு இந்த மாசக் கடைசிக்குள்ள போர்ட்டல்ல போட்டுடணும். என் வீட்டுக்காரர் "தானா வந்த லட்சுமிய எட்டி உதைக்காத"ங்கிறாரு. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல.

செங்காங்_அப்பா:
இதுல யோசிக்க என்ன இருக்கு சிஸ்டர். 16 எடுக்குற பிள்ளைய 8 எடுக்குற பிள்ளைங்க நடுவுல உக்கார வச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதோட இன்னொரு விஷயம், கோவிச்சுக்காதீங்க, உங்க பொண்ணு அங்க போனா 9 எடுத்துட்டு இடம் கிடைக்காம அழற ஒரு பிள்ளையோட சீட்டு அது. எனக்கு இந்த டிஎஸ்ஏ சிஸ்டமே பிடிக்கல. படிப்புக்கு ஸ்கூல், விளையாட்டுக்கு கிளப்பு, முடிஞ்சது கதை.

கணக்கு_டீச்சர்:
செங்காங் சார், மத்தவங்க சீட்டைப் பிடுங்குறதுன்னு சொல்லாதீங்க. டிஎஸ்ஏ 2004லேர்ந்து இருக்கு. முன்னாடி சில ஸ்கூலுங்க இதுக்குன்னு தனியா ஒரு பரிட்சை வச்சு, ஏற்கனவே நல்லாப் படிக்கிற பிள்ளைங்களையே இந்த வழியிலயும் எடுத்துக்கிட்டிருந்தாங்க. 2018லேர்ந்து அந்தப் பரிட்சைய எடுத்துட்டாங்க, ஐபி அல்லாத இடங்கள்ல நூத்துக்கு 20 வரைக்கும் டிஎஸ்ஏல எடுக்கலாம்னும் எல்லா உயர்நிலைப் பள்ளிக்கும் சொல்லிட்டாங்க. மார்க் மட்டுமே கணக்கு இல்லன்னுதானே அதை மாத்தினதே.

யீஷுன் அம்மா, நான் பதினோரு வருஷம் உயர்நிலைல கணக்கு எடுத்தவ, இப்ப வீட்ல இருக்கேன். மூணு விஷயத்தை முதல்ல மனசுல போட்டுக்கோங்க. போர்ட்டல்ல ஸ்கூலப் போட்டு இடம் உறுதியாயிட்டா, ரிசல்ட் வந்தப்புறம் எஸ்1 போஸ்டிங்ல (மார்க்க வச்சு உயர்நிலை 1க்கு ஸ்கூல் ஒதுக்குறது) ஆறு ஸ்கூல் எழுதுற உரிமை உங்களுக்கு இல்ல, வேற ஸ்கூலுக்கு மாத்திக்கவும் முடியாது. அவ 12 எடுத்தாலும் அதே ஸ்கூல்தான். எந்தத் திறமைக்கு எடுத்தாங்களோ அதுல தொடர்ந்து இருக்கணும், நடுவுல "எனக்கு வேணாம்"னு வந்துட முடியாது. அப்புறம் பிஎஸ்எல்இ மொத்தம் அந்த ஸ்கூல்ல இருக்குற போஸ்டிங் குரூப்புக்குத் தகுதியா இருக்கணும், 20க்குள்ள இருந்தா பிஜி 3, மூணு போஸ்டிங் குரூப்புல மேல் குரூப்பு, அது உங்களுக்குப் பிரச்சனை இல்ல.

எனக்கு நெருடுறது மேத்ஸ் 6தான். ஏஎல் (பாடத்துக்குப் போடுற தரம்) 6ன்னா நூத்துக்கு 45லேர்ந்து 64க்குள்ள எங்க வேணும்னாலும் இருக்கலாம். 62ஆ 47ஆ? ரெண்டும் ஒரே 6, ஆனா ரெண்டும் வேற வேற பிள்ளைங்க. பிரிலிம் பேப்பர எடுத்துப் பாருங்க. கவனக்குறைவுல போச்சா, இல்ல ரேஷியோவும் சதவீதமும் புரியாமப் போச்சா. புரியாமப் போயிருந்தா ஐபில செக் 1ல (உயர்நிலை முதல் வருஷம்) அல்ஜீப்ரா வர்ற வேகத்துக்கு இவ மூச்சு வாங்குவா.

யீஷுன்_அம்மா:
டீச்சர் இப்பதான் எடுத்துப் பாத்தேன். 58. பேப்பர் 2ல கடைசி நாலு கணக்கத் தொடவே இல்ல. கேட்டா "டைம் பத்தல"ங்கிறா. அந்த வாரம் மூணு நாள் ட்ரெயினிங், ஒரு நாள் ஃப்ரெண்ட்லி மேட்ச்.

பழைய_கோல்கீப்பர்:
அக்கா, நான் இந்த வழியிலயே போனவன், அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன். எனக்கு இப்ப 26. ஹாக்கி கோல்கீப்பர். பேர் சொல்ல மாட்டேன், ஆனா ஒரு பெரிய ஸ்கூல், டிஎஸ்ஏல போனேன். வீட்ல எல்லாரும் கேக் வெட்டினாங்க, சிராங்கூன் ரோட்ல மாமா புது ஷர்ட் எடுத்துக் கொடுத்தாரு.

செக் 1 முதல் டெர்ம் மேத்ஸ் டெஸ்ட் 40க்கு 11. பேப்பர் கொடுக்குறப்ப டீச்சர் ஒண்ணும் சொல்லல, மேசை மேல கவுத்து வச்சுட்டுப் போனாங்க. பக்கத்துப் பையன் 38 வாங்கிட்டு ரெண்டு மார்க் எங்க போச்சுன்னு மூஞ்சிய தூக்கி வச்சுட்டு இருந்தான். அவன் கெட்டவன் இல்லக்கா, பின்னாடி எனக்கு நிறைய சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஆனா அந்த நாள் நான் பேப்பர நாலா மடிச்சு கோல்கீப்பர் பேடுக்குள்ள சொருகி வச்சேன், ஒரு மாசம் அம்மாவுக்குத் தெரியாது. திங்கள் புதன் வெள்ளி ட்ரெயினிங், முடிய ஆறரை, வீட்டுக்கு வர எட்டு, சாப்ட்டு உக்காந்தா எட்டே முக்கால், ஒம்பதரைக்கு டேபிள்லயே தூங்கிடுவேன்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கலாம். ஏன்னா மத்தியானம் கிரவுண்டுக்குப் போனா நான்தான் ராஜா. கிளாஸ்ல வாங்குற அடிய அங்க ஆத்திக்குவேன். செக் 2 ஜூன்ல முட்டில ஏசிஎல் தசைநார் கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன், ஒம்போது மாசம் கிரவுண்டுப் பக்கமே போகக் கூடாது. அப்பதான் தெரிஞ்சுது அந்த ஸ்கூல்ல எனக்குன்னு இருந்த ஒரே இடம் போஸ்ட்டுக்கு முன்னாடி இருந்த அந்த நாலடி இடம்தான்னு. ஸ்கூல் வெளிய போகச் சொல்லல, தப்பு சொல்ல மாட்டேன், சிசிஏ (பாடத்தோட கூடச் செய்ய வேண்டிய விளையாட்டு மாதிரி நடவடிக்கை) கணக்குக்கு பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுதச் சொன்னாங்க. ஆனா நான் திரும்பி வர்றதுக்குள்ள கோச் மாறிட்டாரு, புதுசா வந்தவருக்கு நான் யாருன்னே தெரியாது.

கடைசில ஓ லெவல் எழுதி, இஏஇல (திறமைய வச்சு முன்கூட்டியே இடம் கொடுக்குற வழி) பாலிடெக்னிக்குக்குப் போனேன். அங்க எடுத்தது மெக்கானிக்கல், இன்டர்வியூல ஹாக்கி பத்தி ஒரே ஒரு கேள்விதான், மீதி எல்லாம் நான் உடைஞ்ச சைக்கிளைப் பிரிச்சுக் கோத்த கதை. இப்ப நல்லா இருக்கேன். அதனால நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான்க்கா: நாளைக்கே முட்டி போச்சுன்னா, நெட்பாலே இல்லன்னா, உங்க பொண்ணு அந்த ஸ்கூல்ல இருக்க விரும்புவாளா? ஆமான்னா அனுப்புங்க. இல்லன்னா பேருக்காக அனுப்பாதீங்க.

புக்கிட்_பாத்தோக்_மாமி:
தம்பி படிக்கறச்சே கண்ணு கலங்கிடுத்து. பேடுக்குள்ள பேப்பர வச்ச விஷயம் இன்னிக்காவது அம்மாவுக்குத் தெரியுமா?

பழைய_கோல்கீப்பர்:
துவைக்கறப்ப கண்டுபிடிச்சுட்டாங்க மாமி. அடி விழல. அதான் இன்னும் வலிச்சுது.

செங்காங்_அப்பா:
நான் சொன்னதைத்தானே தம்பியும் சொல்றாரு. சரி இன்னும் தள்ளிப் பாப்போம். நாலு வருஷம் உயிரக் கொடுத்து ஆடி என்ன கிடைக்கும்? ஜேசிக்குப் (ஜூனியர் காலேஜ்) போறப்ப சிசிஏக்கு 2 பாயின்ட் கழிப்பாங்க. ரெண்டே ரெண்டு! யூனிவர்சிட்டிக்கு 2026லேர்ந்து மொத்தமே 70 பாயின்ட், ஏ லெவல்ல மூணு எச்2 பாடமும் (முக்கியப் பாடம்) ஜிபியும்தான் (பொதுத் தாள்) அடிப்படை, அதுல நெட்பாலுக்குன்னு ஒரு காலமே கிடையாது. மெடிசினுக்கோ லாவுக்கோ போய் "நான் நல்லா பந்து பிடிப்பேன்"னு சொன்னா வாசல்லயே சிரிப்பாங்க.

கணக்கு_டீச்சர்:
ஒரேயடியா அப்படிச் சொல்ல முடியாது. என்யுஎஸ் மாதிரி யூனிவர்சிட்டிங்கள்ல மார்க் கொஞ்சம் குறைஞ்சா திறமைய வச்சும் பாக்குற வழி இருக்கு, இன்டர்வியூ, போர்ட்ஃபோலியோ எல்லாம் கேப்பாங்க. பாலிலயும் இஏஇ வழியா நூத்துக்கு 15 வரைக்கும் எடுக்கலாம். ஆனா நீங்க சொல்றதுல பாதி உண்மை: எட்ட நிக்குற மார்க்க விளையாட்டு இழுத்துட்டு வராது, கிட்ட வந்து நிக்கிற மார்க்குக்கு ஒரு தள்ளு கொடுக்கும், அவ்வளவுதான்.

வுட்லண்ட்ஸ்வாசி:
அமெரிக்கா பத்தி யாரும் பேசலையேன்னு வந்தேன், என் பெரிய பொண்ணு நீச்சல்ல அந்த வழியா போனவ. ரெண்டு வருஷம் அந்தக் காட்டுக்குள்ள அலைஞ்சிருக்கோம், அதனால அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல யீஷுன் அம்மாவுக்கு ஒரு கசப்பு: அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுல நெட்பாலே கிடையாது. அதை வச்சு ஹார்வர்ட் போகலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, உங்க வீட்டுக்காரர் காதுலயும் போட்டு வைங்க. அங்க சீட்டு வாங்கித் தர்ற ஆட்டமே வேற, ரோயிங், ஃபென்சிங், ஸ்குவாஷ், நீச்சல், ஓட்டம்.

ரெண்டாவது, ஹார்வர்ட் மாதிரி பேர் போன ஐவி லீக்ல இருக்குற எட்டுக் காலேஜும் விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கொடுக்க மாட்டாங்க, 1954லேயே அப்படி ஒப்பந்தம் போட்டுட்டாங்க. வீட்டு வருமானத்தைப் பாத்துத்தான் பண உதவி. ஆனா அட்மிஷன்ல கோச் பேச்சுக்கு எடை உண்டு, எவ்வளவு எடைன்னு ஹார்வர்ட் மேல போட்ட வழக்குல 2018ல கோர்ட்டுல வெளிய வந்துச்சு. படிப்புல அவங்க நாலாந் தரம்னு போட்ட பிள்ளைங்கள்ல, கோச் கேட்டு வாங்கின விளையாட்டுக்காரங்க நூத்துக்கு 70 பேர் உள்ள போயிருக்காங்க. அதே நாலாந் தரத்துல விளையாட்டு இல்லாத பிள்ளைங்க? ஆயிரத்துக்கு ஒருத்தர் கூட இல்ல. செங்காங் சாருக்கு இப்ப வயிறு எரியும்னு தெரியும், எனக்கும் எரிஞ்சுது, என் பொண்ணு அந்தப் பக்கத்துல இருந்தும் எரிஞ்சுது. இந்தக் கதவு இவ்வளவு அகலமா இருக்கப் போய்த்தான் 2019ல அந்த ஊழலே வெடிச்சுது, துடுப்பே பிடிக்காத பிள்ளைய ரோயிங் வீராங்கனைன்னு காட்டிக் காசு கொடுத்து உள்ள நுழைச்ச கதை.

ஆனா இங்கேர்ந்து பாக்குறவங்க தப்பா எடுத்துக்குறது ஒண்ணு உண்டு. கோச் முதல்ல கேக்குறது டைமிங் இல்ல. நாங்க முதல் மெயில்ல 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் டைம்ல ஆரம்பிச்சு, எந்த மீட்ல எத்தனாவதுன்னு ஒரு பக்கம் எழுதினோம். வந்த பதில் மூணே வரி. மார்க் ஷீட் அனுப்பு, எஸ்ஏடி (அமெரிக்கக் காலேஜுக்கான தேர்வு) எழுதிட்டியா, டைம அப்புறம் பாக்குறேன். மார்க் ஷீட்ட முன்கூட்டியே அட்மிஷன் ஆபீஸ்ல காட்டி "இந்தப் பிள்ள தேறுமா"ன்னு கேட்டுக்குவாங்க, அதுக்கு ப்ரீ-ரீடுன்னு பேரு. அதுல தேறலன்னா கோச் மெயிலுக்குப் பதிலே போட மாட்டாரு. ஐவில ஒரு டீமோட சராசரி மார்க்கு மத்த மாணவருங்களோட சராசரிலேர்ந்து ரொம்பக் கீழ போகக் கூடாதுன்னு அகாடமிக் இண்டெக்ஸ்னு ஒரு கணக்கு வேற வச்சிருக்காங்க. அப்ப நல்லாப் படிக்கிற பிள்ள சுமாரா நீஞ்சினாலும் கோச்சுக்கு லாபம், இன்னொரு சூப்பர் நீச்சல்காரரோட மார்க்க அந்தப் பிள்ள தூக்கி நிறுத்தும்!

இன்னொரு கூத்து, அங்க காலேஜ் நீச்சல் குளம் கெஜக் கணக்கு. நம்ம 50 மீட்டர் குளத்து டைம் அவங்களுக்கு அப்படியே புரியாது, கெஜத்துக்கு மாத்திக் கொடுக்கணும். நான் அதுக்கு ஒரு எக்செல் போட்டு வச்சிருந்தேன், ராத்திரி ஒரு மணிக்கு அதைப் பாத்துட்டு இருக்குறப்ப என் சம்சாரம் "நீங்க நீஞ்சப் போறீங்களா அவ நீஞ்சப் போறாளா"ன்னு கேட்டா.

கடைசில அவ போனது டிவிஷன் 3 காலேஜ். அந்தப் பிரிவுல விளையாட்டுக்குக் காசே கிடையாது, எம்ஐடி கூட அந்தப் பிரிவுதான். லேப் இருக்குற நாள் பயிற்சிக்கு லேட்டா வந்தா கோச் ஒண்ணும் சொல்றதில்லையாம். இங்க இருந்தப்ப காலைல நாலேகாலுக்கு எழுந்து அஞ்சு மணிக்குத் தண்ணிக்குள்ள இருந்த பிள்ள, இப்ப ஆறரைக்கு எழுந்திருக்காளாம், அதையே பெரிய சுகம்ங்கிறா.

என்எஸ்_பையன்:
அங்கிள் உங்களுக்குப் பொண்ணு, அதனால நேராப் போயிட்டா. எங்களுக்கு ரெண்டு வருஷம் தேசிய சேவை நடுவுல இருக்கே. நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் மாதிரி ஆளுக்குத் தள்ளி வச்சாங்க, அவரும் 2016ல ரியோ ஒலிம்பிக்ல 50.39 செகண்டுல தங்கம் அடிச்சவரு, அப்புறம் 2022ல சேந்தாரு. நமக்கெல்லாம் எழுதிக் கேக்கவே கை வராது லா. டெக்காங் தீவுல அடிப்படை ராணுவப் பயிற்சியில ரெண்டு மாசம் குளத்துப் பக்கமே போகாம என் டைம் எங்கேயோ போயிடுச்சு. எனக்கு ஆக்ஸ்ஃபர்டுக்குப் போட ஆசை, அங்க நீச்சல எழுதணுமான்னு யாராவது சொல்லுங்களேன்.

வுட்லண்ட்ஸ்வாசி:
எழுதலாம் தம்பி, ஆனா அதுக்குன்னு இடம் கிடைக்காது. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் ரெண்டுலயும் நீ எடுக்கப் போற பாடத்துல எப்படி யோசிக்கிறேங்கிறதுதான் இன்டர்வியூ. படகுப் போட்டிக்கு உலகமே டிவில உக்காந்து பாக்குதே, அந்தத் துடுப்புக்காரங்க கூட முதல்ல பாடத்துல இடம் வாங்கித்தான் உள்ள வரணும். அக்டோபர் 15 கடைசி நாள், மறந்துடாத.

ஜூரோங்_தாத்தா:
பேராண்டி பேத்திங்க எல்லாரும் ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறதுன்னு கேக்குறீங்க. எங்க காலத்துல சி. குணாளன் இருந்தாரு. வாத்தியார் உத்தியோகம் பாத்துக்கிட்டே ஓடினவரு, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல 100 மீட்டர் 10.38. அந்த ரெக்கார்டு 33 வருஷம் நின்னுச்சு, 2001ல யு.கே. ஷியாம் 10.37 ஓடி உடைச்சாரு. அப்புறம் நம்ம சாந்தி பெரேரா, ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்லயும் எஸ்எம்யூ யூனிவர்சிட்டிலயும் படிச்ச பொண்ணு, 2023ல ஹாங்சோவுல 200 மீட்டர் தங்கம். ஆசிய விளையாட்டு ஓட்டப் பந்தயத்துல நமக்கு 49 வருஷம் கழிச்சு. டிவி முன்னாடி நான் எழுந்து நின்னேன், முட்டி வலியும் மறந்து போச்சு.

செங்காங்_அப்பா:
தாத்தா, அவங்க எல்லாம் லட்சத்துல ஒருத்தர். நம்ம பிள்ளைங்க மீதி 99,999 பேர். அவங்களுக்கு வழி சொல்லுங்க.

கணக்கு_டீச்சர்:
இதை நான் ஒத்துக்கிறேன். யீஷுன் அம்மா, ரெண்டு ஸ்கூலுக்கும் ஒரு நாள் மத்தியானம் போயிட்டு வாங்க, ஓபன் ஹவுஸ் நாள்ல இல்ல, சாதாரண நாள்ல. ஆபீஸ்ல முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க. மேட்ச் நாள்ல விட்டுப்போன பாடத்த யாரு திரும்ப எடுக்குறாங்கன்னு கேளுங்க. "அதெல்லாம் பிள்ளைங்க பாத்துக்குவாங்க"ன்னு பதில் வந்தா புரிஞ்சுக்கோங்க. இன்னொண்ணு, பி டிவிஷன் (பெரிய வகுப்புப் பிள்ளைங்க ஆடுற பிரிவு) ஆட்டமெல்லாம் வருஷத்தோட முதல் பாதிலதான் வரும். ஐபி இல்லாத ஸ்கூல்ல, செக் 4ல ஏப்ரல் வாக்குல ஆட்டம் முடிஞ்சா அப்புறம் எஸ்இசி பரிட்சைக்கு (ஓ லெவலுக்குப் பதிலா வர்றது) அஞ்சாறு மாசம் இருக்கும். அந்த அஞ்சாறு மாசத்த வச்சு எழுந்து வந்த பிள்ளைங்கள நான் நிறையப் பாத்திருக்கேன், ஆனா அவங்க எல்லாரும் செக் 3லயே அடித்தளம் போட்டவங்க.

யீஷுன்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வந்தேன். பெரிய ஸ்கூல்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நிஜமாவே. ஹால் அவ்ளோ பெருசு. மேட்ச் நாள்ல விட்டுப்போற பாடத்துக்கு ஆன்லைன்ல நோட்ஸ் போட்டுடுவோம்னாங்க. பக்கத்து ஸ்கூல்ல நெட்பால் டீச்சரே மேத்ஸ் டீச்சராம். கோர்ட்டு ஓரத்துல ரெண்டு பிள்ளைங்க வேர்வையோட உக்காந்து ஏதோ கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க, இவங்க விசில் ஊதிட்டே எட்டிப் பாத்து "சைன் மாத்தல பாரு"ன்னாங்க. ட்ரெயினிங் அஞ்சே முக்காலுக்கு முடிஞ்சுது, பிள்ளைங்க ஆறே காலுக்குள்ள வீட்ல.

ராத்திரி கீழ வாய்ட் டெக்ல (எங்க ப்ளாக்குக்கு அடியில இருக்குற திறந்த இடம்) பொண்ணு கூட உக்காந்தேன். பந்து விளையாடக் கூடாதுன்னு போர்டு இருக்குற தூண்லயே பந்தடிச்சுட்டு இருந்தா, எப்பவும் போல. கோல்கீப்பர் தம்பி சொன்ன கேள்விய அப்படியே கேட்டேன், "நெட்பால் இல்லாமப் போனா எந்த ஸ்கூல்டா வேணும்"னு. பந்த நிறுத்தாமலே, "பக்கத்து ஸ்கூல், ஆனா அப்பா கவலப்படுவாரேம்மா"ன்னா. அவ கவல மார்க்கு இல்ல, அப்பா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பெரிய ஸ்கூல்னு சொல்லிட்டாருங்கிறது.

வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல. நேத்து அவரே லேப்டாப்ப எடுத்து பக்கத்து ஸ்கூல மட்டும் போட்டு சப்மிட் பண்ணிட்டாரு. பண்ணிட்டு "மேத்ஸுக்கு டிசம்பர்லேர்ந்து நான் உக்காருறேன்"னாரு. அவருக்கும் ரேஷியோ வராது, அது வேற கதை.

வுட்லண்ட்ஸ்வாசி:
நான் உங்க இடத்துல இருந்தா பெரிய ஸ்கூல்ல போட்டிருப்பேன், மறைக்காமச் சொல்றேன். 58 எடுத்த பிள்ளைக்கு ரெண்டு மாச லீவுல நிறையப் பண்ணலாம். ஆனா பன்னெண்டு நிமிஷப் பஸ்ஸுங்கிறது நாலு வருஷத்துக்கு எத்தனை மணி நேரத் தூக்கம்னு கணக்குப் போட்டா எனக்கே பேச்சு வரல.

செங்காங்_அப்பா:
நல்லது சிஸ்டர். நான் முதல்ல கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். என் பொண்ணும் நெட்பால்தான், விங் அட்டாக். செக் 3ல மார்க் குறையுதுன்னு நான்தான் நிறுத்தினேன். மார்க் ஏறல, சிரிப்புதான் குறைஞ்சுது. அவளுக்கு வாங்கின ஷூ ஒண்ணு இன்னும் பெட்டிய விட்டு வெளிய வராம ஸ்டோர்ரூம்ல கிடக்கு. சைஸ் 39. உங்க பொண்ணுக்குச் சரியா வருமா?

யீஷுன்_அம்மா:
அண்ணே, அவளுக்கு இப்பவே 40 ஆயிடுச்சு. உங்க பொண்ணயே ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லுங்களேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க யீஷுன் ஸ்டேடியம் பக்கம்தான் இருப்போம், இவளுக்குப் பந்து போட ஆள் தேடிட்டே இருக்கா.